பூச்சி பழகிடுச்சா, மிஞ்சிடுச்சா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "வயக்காட்டுல நடக்கிற பரிணாமம் பத்தி என்ன வேணா கேளுங்க"ன்னு ஒரு வரி போட்டு வச்சேன், கேள்வி மூட்டையா வந்து குவிஞ்சிடுச்சு. பாதிப்பேரு எந்த மருந்து அடிக்கலாம்னு கேட்டிருக்கீங்க. அதுக்கு உங்க ஊரு வேளாண் அலுவலரைத்தான் பாக்கணும், நான் காலேஜ்ல தாவரவியல் எடுத்து ரிட்டயர் ஆனவன், எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செடியும் பூச்சியும் வைரசும் ஒண்ணை ஒண்ணு எப்படி மாத்திக்கிட்டே இருக்குங்கிற கதைதான். அதுக்குள்ள வர்ற கேள்விகளை மட்டும் எடுத்துக்கிட்டேன், மத்தவங்க கோவிச்சுக்காதீங்க.

ஐயா, முன்னாடி ஒரு தடவ அடிச்சா புகையான் கொட்டிப்போகும். இப்ப மூணு தடவ அடிச்சாலும் தூர்லயே உக்காந்திருக்கு. பூச்சிக்கு மருந்து பழகிடுச்சுன்னு கடைக்காரர் சொல்றாரு. நிஜமாவே பழகுமா? – மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒரு விவசாயி

கடைக்காரர் சொன்னதுல ஒரே ஒரு வார்த்தைதான் தப்பு, ஆனா மொத்த விஷயமும் அந்த வார்த்தைலதான் இருக்கு. பழகுறதுன்னா என்ன, ஆந்திரா காரத்துக்கு நாம பழகுற மாதிரி, ஆளு அதே ஆளுதான், போன மாசம் கண்ணுல தண்ணி வந்தவன் இந்த மாசம் ரெண்டாவது தடவ ஊறுகா கேக்குறான். புகையான், அதான் நெல்லுல சாறு உறிஞ்சுற அந்தத் தத்துப்பூச்சி, அதோட கதை அப்படி இல்ல. மருந்து பட்ட பூச்சிக்குப் பழக நேரமே கிடையாது, அது செத்துப்போகுது. ஆனா அந்தக் கூட்டத்துல எங்கியோ ஒண்ணு ரெண்டு, மருந்து கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே, பொறப்புலயே கொஞ்சம் வேற மாதிரி இருக்கும், அது மட்டும் மிஞ்சும், அடுத்த மாசம் உங்க வயல்ல இருக்கிறது பூரா அதோட பிள்ளைங்க. பழகல, மிஞ்சிடுச்சு. இதுக்குத்தான் இயற்கைத் தேர்வுன்னு புத்தகத்துல பேரு.

தூரை விலக்கிப் பாத்திருப்பீங்க, தண்ணிக்குக் கொஞ்சம் மேல, எள்ளு அளவுல பழுப்பா வரிசையா ஒட்டிக்கிட்டு சாறு உறிஞ்சும். நல்லா உத்துப் பாத்தா ரெண்டு தினுசு தெரியும், ஒண்ணுக்கு றெக்கை நீளம், இன்னொண்ணுக்குப் பாதி உடம்போட நின்னுடும். குட்டை றெக்கை பறக்காது, உக்காந்த இடத்துலயே முட்டை போட்டுத் தள்ளும், பயிர் காய ஆரம்பிச்சு கூட்டமும் அதிகமானா நீள றெக்கைக்காரங்க கெளம்பிப் போயிடுவாங்க, காத்தோட சேர்ந்து வியட்நாம் பக்கத்துலேர்ந்து சீனா, ஜப்பான் வரைக்கும் வருஷா வருஷம் போகுது. ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒரு மாசம். நமக்கு ஒரு தலைமுறை 25 வருஷம்னு வச்சா அந்த நேரத்துல அதுக்கு கிட்டத்தட்ட 300 தலைமுறை ஓடிடும், ராஜராஜ சோழன் காலத்துலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் எண்ணுனாகூட நம்ம தலைமுறை நாப்பது சொச்சம்தான் வரும். பரிணாமம்னா லட்சம் வருஷம் ஆகணும்னு நெனைக்கிறது அதனாலதான் தப்பு, வருஷத்தை எண்ணக்கூடாது, தலைமுறையை எண்ணணும்.

இமிடாகுளோபிரிட்னு ஒரு மருந்து 1990கள்ல வந்தப்போ புகையானுக்கு எமன்னு பேரு வாங்குச்சு, 2005 வாக்குல ஆசியாவுல பல நாட்டுல அதுக்கு அசையாத புகையான் கூட்டம் கெளம்பிடுச்சு. உள்ள என்ன மாறிச்சுன்னு தோண்டிப் பாத்தாங்க, சிஒய்பி6இஆர்1னு ஒரு மரபணு, விஷத்தை உடைக்கிற நொதியைச் செய்றது, மிஞ்சின பூச்சிங்கள்ல அது ரெண்டு நகலா ஆகியிருக்கு, ஒரு நகல் பழைய வேலையப் பாக்குது, இன்னொண்ணுல எழுத்து லேசா மாறி இந்த மருந்தை உடைக்கிறதுல கில்லாடி ஆயிடுச்சு. மருந்து வந்து எழுத்தை மாத்தலை, மாறின எழுத்தை வச்சிருந்ததை மட்டும் மருந்து விட்டு வச்சுது.

மருந்துக்கு மட்டும்னு நெனைக்காதீங்க, ரகத்துக்கும் இதே கதைதான். பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1973-ல ஐஆர் 26 வெளியிட்டுச்சு, புகையான் உக்காராத நெல்னு, ஒரே ஒரு எதிர்ப்பு மரபணுவ நம்பி. ரெண்டு மூணு வருஷத்துல அதையும் தின்னுற புகையான் பிலிப்பைன்ஸ்லயும் இந்தோனேசியாவுலயும் வந்தாச்சு. நம்ம பக்கத்து புகையானுக்கு அந்த மரபணு மொதல்லேர்ந்தே ஒரு பொருட்டே இல்ல, இங்க அதோட வம்சமே வேற. 1976-ல வேற மரபணுவோட ஐஆர் 36, அது சில வருஷம் தாங்குச்சு, அப்பறம் சுமத்ராவுல அதுவும் விழுந்துச்சு. ஏணி வைக்க வைக்க அது மேல ஏறி வந்துக்கிட்டே இருந்துச்சு.

அப்ப என்னதான் பண்றதுன்னு கேப்பீங்க. இந்தோனேசியாவுல 1986-ல ஒரு வேலை பண்ணாங்க, நெல்லுக்கு அடிக்கிற 57 வகை பூச்சிமருந்தை ஒரே உத்தரவுல தடை பண்ணிட்டாங்க, நாடு பட்டினி கெடக்கப்போகுதுன்னு பேச்சு கெளம்புச்சு, கெடக்கல, விளைச்சல் கூடத்தான் செஞ்சுது. ஏன்னா மருந்து அடிச்ச வயல்ல அடிக்காத வயலைவிட புகையான் அதிகம்னு பீட்டர் கென்மோர்ங்கிற ஆராய்ச்சியாளர் அதுக்கு முன்னாடியே காட்டியிருந்தாரு. வயல்ல சிலந்தி இருக்கு, புகையான் முட்டையை உறிஞ்சிக் குடிக்கிற நாவாய்ப்பூச்சி இருக்கு, மருந்து இவங்களைத்தான் மொதல்ல காலி பண்ணும், முட்டை தாளுக்குள்ள பத்திரமா இருந்து காவலாளி இல்லாத வீட்டுல பொரிக்கும்.

டோஸை ரெட்டிப்பாக்குனா ஒண்ணுகூட மிஞ்சாதுல்ல சார்? – பேர் போடாத ஒருத்தர்

சிலந்தி மிஞ்சாது. புகையான் மிஞ்சும்.

களையெடுக்கப் போன பாட்டி ஒரு புல்லைக் காட்டி "இது நெல்லு வேஷம் போட்ட திருடன்"னாங்க. குதிரைவாலிப்புல்லாம். செடி எப்படி சார் வேஷம் போடும், அதுக்கு மூளையா இருக்கு? – பி.எஸ்சி ரெண்டாம் வருஷ மாணவி, கும்பகோணம்

அம்மாடி, உங்க பாட்டி சொன்னதுக்கு ரஷ்யாக்காரர் ஒருத்தர் பேரை வச்சிருக்காங்க, வாவிலோவ் போலி வேஷம்னு. நிக்கோலாய் வாவிலோவ், உலகம் பூரா சுத்தி விதை சேத்த மனுஷன், பரம்பரை அறிவியல் பேசுன குத்தத்துக்கு ஸ்டாலின் காலத்துல ஜெயில்ல போட்டு 1943-ல சரட்டோவ் ஜெயில்லயே செத்துப்போனாரு. அவரு கவனிச்சது இதுதான், கோதுமை வயல்ல களையா மொளச்ச கம்புக்கோதுமை, அதாவது ரை, மனுஷன் களைஞ்சு களைஞ்சே கோதுமை சாயலுக்கு வந்து, கடைசில கோதுமை குளிரு தாங்காத இடத்துல அதுவே பயிரா ஆயிடுச்சு. திருடனா வந்து மாப்பிள்ளையா உக்காந்துட்டான்.

நம்ம வயல் திருடன் கதை இன்னும் பக்கா. யோசிச்சுப் பாருங்க, களையெடுக்கிறவங்க எதைப் பிடுங்குவாங்க? நெல்லு மாதிரி இல்லாததை. படர்ந்து கெடக்கிறதை, தூர்ல செவப்பு ஓடுறதை, தாள் விரிச்சுக்கிட்டு நிக்கிறதைப் பிடுங்கிடுவாங்க, நெல்லு மாதிரி நேரா பச்சையா நிக்கிற ஒண்ணு ரெண்டு கண்ணுல படாம தப்பிச்சு விதை போடும். அடுத்த வருஷம் அதோட பிள்ளைங்க. இதை ஆயிரம் வருஷம் பண்ணா? சீனாவுல யாங்சி ஆத்துப் படுகைலேர்ந்து 328 குதிரைவாலிப்புல் மாதிரிகளை எடுத்து மரபணு பூரா படிச்சாங்க, 2019-ல முடிவு வந்துச்சு, அந்த வேஷம் சுமார் 1,000 வருஷத்துக்கு முன்னாடி உருவானதாம், மாறினதெல்லாம் பெரும்பாலும் தாள் எந்தக் கோணத்துல நிக்கணும்னு தீர்மானிக்கிற மாதிரி மரபணுக்கள்ல. மூளை தேவையே இல்லம்மா, மூளை களையெடுத்தவங்ககிட்ட இருந்துச்சு, அவங்க கண்ணுக்குத் தகுந்த மாதிரி புல்லு ஆயிடுச்சு, தன் கையாலேயே திருடனுக்கு வேஷம் தைச்சுக் குடுத்த மாதிரி.

ஆனா வேஷத்துல ஒரு ஓட்டை இருக்கு. சின்ன வயசுல எங்க அத்தை வயல்ல களையெடுக்கக் கூட்டிட்டுப் போவாங்க, நான் நெல்லைப் பிடுங்கி வரப்புல போட்டுட்டு புல்லை விட்டுட்டு வருவேன், கையில ஒண்ணு விழும். அப்பறம்தான் காட்டிக் குடுத்தாங்க, இலையோட மடல் தாளைச் சுத்தியிருக்கிற எடத்துல, இலை வெளிப்பக்கம் திரும்புற அந்த மூட்டுல, இலையை மெதுவா பின்னால இழுத்துப் பாரு, நெல்லுக்கு அங்க வெள்ளையா சன்னமா ஒரு சவ்வு நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், ரெண்டு பக்கமும் சின்னதா கொக்கி மாதிரி மயிர் வச்ச காது இருக்கும். குதிரைவாலிப்புல்லுக்கு ரெண்டும் கிடையாது, மொழுமொழுன்னு இருக்கும். ஏன் அதுல மட்டும் வேஷம் போடலன்னா, யாரும் நிமிந்து நின்னு பாக்கிறப்ப அந்த எடம் தெரியாதே. பாக்காத எடத்துல தேர்வும் கிடையாது. (எங்க அத்தை பள்ளிக்கூடம் போனதில்ல, இதை நான் எம்.எஸ்சி படிக்கிறப்ப ஒரு தடிப் புத்தகத்துல பாத்தப்போ அந்த அடி திரும்ப வலிச்சுது.)

இன்னொண்ணு சொல்லிடறேன், மத்திய இந்தியாவுல காட்டு நெல் தொல்லை தாங்காம, இலை ஊதாவா இருக்கிற நெல் ரகத்தைப் போட்டுப் பாத்தாங்க, பச்சையா நிக்கிறதெல்லாம் களை, பிடுங்கு, அவ்ளோதான். சில பருவத்துலயே காட்டு நெல்லு பயிரோட மகரந்தம் வாங்கி ஊதா கலர்ல மொளைக்க ஆரம்பிச்சிடுச்சு.

எங்க தாத்தா காலத்துல மலை வாழைப்பழம் வீட்டுல தொங்கும், வாசனை தெருவுக்கு வரும். இப்ப கிடைக்கிறதே அபூர்வமா இருக்கு. வாழைக்கு மட்டும் ஏன் இவ்ளோ நோய்? – வாசகர், திண்டுக்கல்

கல்யாணத்துல "வாழையடி வாழையா வாழணும்"னு வாழ்த்துறோம்ல, அந்த வாழ்த்துலதான் வாழையோட வில்லங்கமும் இருக்கு. வாழையடி வாழைன்னா தாய்க்கட்டைலேர்ந்து வர்ற பக்கக்கன்னு, அது பிள்ளை இல்ல, அதே ஆளு, ஒரு எழுத்துகூட மாறாத நகல். நாம சாப்பிடற வாழைல விதையே இல்ல, காட்டு வாழைல கல்லு கல்லா விதை இருக்கும், பெரும்பாலும் மூணு செட் குரோமோசோமோட விதையில்லாம வந்ததைத்தான் நம்ம முன்னோர் பாத்து வச்சு கன்னு பிரிச்சு நட்டாங்க. தித்திப்பு கிடைச்சுது, கலப்பு நின்னுபோச்சு. நெல்லுலயோ பூச்சிலயோ நான் சொன்னேனே, பொறப்புலயே வேற மாதிரி ஒண்ணு ரெண்டு இருக்கும்னு, அது வாழைத் தோப்புல கிடையாது, ஒண்ணு விழுந்தா எல்லாம் விழும்.

மத்திய அமெரிக்க நாடுகள்ல குரோ மிஷெல்னு ஒரே ரகத்தை நட்டு உலகத்துக்கே ஏத்துமதி பண்ணாங்க, பனாமா வாடல் நோய் பூஞ்சை வந்து 1960கள்குள்ள அந்த வியாபாரத்தையே மூடிடுச்சு, அதுக்குப் பதிலா கேவண்டிஷ் வந்துச்சு, இப்ப அதையும் சாய்க்கிற டிஆர்4ங்கிற பூஞ்சை வகை 2019-ல கொலம்பியா வரைக்கும் போயாச்சு. உங்க விருப்பாச்சி, சிறுமலை வாழையைக் கெடுத்தது பூஞ்சை இல்ல, முடிக்கொத்து நோய் வைரஸ். இலையெல்லாம் குறுகிப்போய் உச்சியில கொத்தா நிக்கும், காய் வராது. அசுவினி கடிச்சுப் பரப்பும், அதைவிட ஜாஸ்தியா நாமளே பரப்புறோம், நோய் வெளிய தெரியாத கன்னை வண்டியில ஏத்திட்டுப் போய் அடுத்த மலையில நட்டு. திசு வளர்ப்புல வைரஸ் இல்லாத கன்னு எடுத்துக் குடுக்கிறாங்க, அது நல்லதுதான், ஆனா அந்தக் கன்னுக்கும் வைரஸைத் தடுக்கிற சக்தி ஒண்ணும் புதுசா வந்துடல, நோய் இல்லாம ஆரம்பிக்குது அவ்ளோதான்.

கிருமி நாளாக நாளாக வீரியம் கொறஞ்சு சாதுவாயிடும், ஆளைக் கொன்னா அதுக்கே வீடு போயிடும்லன்னு ஒரு வீடியோல பாத்தேன். அப்ப எங்க பண்ணைக் கோழி நோயும் தானா அடங்குமா அண்ணே? – பண்ணை வச்சிருப்பவர், நாமக்கல்

தம்பி, அந்த வீடியோ பாதி கதையைச் சொல்லிட்டு வெளம்பரத்துக்குப் போயிருக்கும். மீதியை நான் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

1859-ல ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல தாமஸ் ஆஸ்டின்னு ஒரு பண்ணைக்காரர், சுட்டு வெளையாட முயல் வேணும்னு இங்கிலாந்துலேர்ந்து வரவழைச்சு 24 முயலை விட்டாரு. அம்பது வருஷத்துல அது கண்டம் பூரா பரவி ஆடு மேய புல்லு இல்லாம பண்ணிடுச்சு. வேலி போட்டாங்க, விஷம் வச்சாங்க, ஒண்ணும் நடக்கல. 1950-ல மிக்ஸோமான்னு ஒரு வைரஸை அவுத்து விட்டாங்க. அது தென் அமெரிக்காவுல அந்த ஊரு முயலுக்கு வெறும் ஒரு கட்டி வர வைக்கும், ஐரோப்பா முயலுக்கு வந்தா நூத்துல 99-க்கு மேல சாவு. கோடைல கொசு பெருகி, ஆத்தோரமா நோய் பத்திக்கிச்சு, முயல் மலை மலையா செத்துச்சு. அப்ப மனுஷனுக்கு இது வரும்னு ஊர்ல பீதி, ஃப்ராங்க் ஃபென்னர், மெக்ஃபார்லேன் பர்னட், கிளூனிஸ் ராஸ்னு மூணு பெரிய விஞ்ஞானிங்க தங்களுக்கே அந்த வைரஸை ஊசி போட்டுக்கிட்டு ஒண்ணும் ஆகலன்னு காட்டுனாங்க.

இதுல ஃபென்னர் செஞ்ச ஒரு காரியத்தாலதான் நமக்கு இன்னைக்கு இவ்ளோ தெரியுது. மொதல்ல விட்ட வைரஸை ஃப்ரீசர்ல எடுத்து வச்சிட்டாரு. அப்பறம் வருஷா வருஷம் காட்டுலேர்ந்து புது வைரஸை எடுத்து வந்து, நோயே பாக்காத லேப் முயலுக்குக் குடுத்துப் பாப்பாரு, வைரஸ் மாறிச்சான்னு தெரியும். காட்டு முயல் குட்டியைப் புடிச்சு வந்து மாறாத வைரஸ் வகை ஒண்ணைக் குடுத்துப் பாப்பாரு, முயல் மாறிச்சான்னு தெரியும். ரெண்டு பக்கத்தையும் தனித்தனியா அளந்தது இதுல பெரிய விஷயம்.

வைரஸ் பக்கம் சாது ஆச்சா? பாதி தூரம் ஆச்சு. ரொம்ப வீரியமானது ரெண்டு வாரத்துக்குள்ள முயலைக் கொன்னுடும், செத்த முயலைக் கொசு கடிக்காது. ரொம்ப சாதுவா இருந்தா முயல் சீக்கிரம் தேறிடும், தோல்ல கட்டி கம்மி, கொசு மூக்குல ஒட்டிக்கிட்டுப் போக வைரஸ் இருக்காது. நடுவுல இருக்கிறது, மூணு நாலு வாரம் முயலை இழுபறியா வச்சிருந்து நூத்துல 70-லேர்ந்து 95 வரைக்கும் கொல்றது, அதுதான் ஜெயிச்சுது. கவனிங்க, நூத்துக்கு 70 சாவுங்கிறதைச் சாதுன்னு எந்த முயலும் சொல்லாது. முயல் பக்கமும் மாறிச்சு, உரானா ஏரிக்கரை முயல்கள்ல ஒரே வகை வைரஸுக்கு நூத்துல 90 செத்தது, ஏழு தடவ நோய் வந்து போனதுக்கப்பறம் 26-ஆ கொறஞ்சுது. கதை அதோட நிக்கல. முயல் தாங்க ஆரம்பிச்சதும் சாது வைரஸுக்கு அந்த முயல்ல வளரவே முடியல, அதனால பின்னாடி எடுத்த வைரஸ்கள் சிலது லேப் முயலோட நோய் எதிர்ப்பு சக்தியையே படுக்க வச்சு, பழைய கட்டிகூட வர்றதுக்கு முன்னாடி அதைக் கொல்லுது. வீரியம் திரும்ப ஏறிடுச்சு. கிருமிக்கு வீடு போயிடுமேங்கிற கவலை கிடையாது தம்பி, அடுத்த வீட்டுக்குத் தாவுற வரைக்கும் தாங்குனா போதும்.

இப்ப உங்க கோழிக்கு வாங்க. குஞ்சு பொரிச்ச அன்னைக்கே கழுத்துல மேரக்ஸ் ஊசி போடறீங்கள்ல, 1907-ல ஹங்கேரில யோசெஃப் மேரக் எழுதுன நோய் அது, அப்பல்லாம் வயசான கோழிக்குக் கால் இழுத்துக்கும், அவ்ளோதான். 1970 வாக்குல தடுப்பூசி வந்துச்சு. அந்த ஊசி நோயைத் தடுக்கும், கிருமி உள்ள வர்றதையும் இறகுத் தூசு வழியா வெளிய போறதையும் முழுசா தடுக்காது. 2015-ல ஆண்ட்ரூ ரீடும், நம்ம கேரளாக்காரர் வேணுகோபால் நாயரும் சேர்ந்து செஞ்ச ஆராய்ச்சில, இருக்கிறதுலயே கொடூரமான வகையை ஊசி போடாத கோழிக்குக் குடுத்தா பத்து நாளுக்குள்ள செத்துச்சு, மத்ததுக்குப் பரப்ப நேரமே இல்ல. ஊசி போட்ட கோழி உயிரோட இருந்து வாரக்கணக்குல பரப்புச்சு. அதாவது வீரியம் கூடுனா தனக்கே நஷ்டம்ங்கிற கடிவாளத்தை ஊசி கழட்டி விட்டுடுச்சு. இதைப் படிச்சிட்டு ஊசியை நிறுத்திடாதீங்க, இன்னைக்குச் சுத்துற வகைக்கு ஊசி இல்லாத குஞ்சு தாங்காது. மனுஷத் தடுப்பூசி வேண்டாம்னு இதைக் காட்டி வாட்ஸ்அப்ல ஃபார்வர்டு பண்றவங்களுக்கும் சொல்றேன், அந்தக் கட்டுரைல அப்படி ஒரு வரி கிடையாது. பண்ணைல பேட்ச்சுக்குப் பேட்ச் ஷெட்டைக் காலி பண்ணி தூசு பூரா கழுவி விட்டீங்கன்னா அது ஊசிக்குத் துணை.

பிடி பருத்திக்குப் புழுவே வராதுன்னு சொல்லித்தான் வித்தாங்க. இப்ப காயை உடைச்சா உள்ள இளஞ்சிவப்புப் புழு. விதை கம்பெனி ஏமாத்துதா? – பெரம்பலூர் விவசாயி

கோவம் புரியுது. பிடின்னா, மண்ணுல இருக்கிற ஒரு பாக்டீரியாவோட மரபணுவை ஏத்தி, புழுவைக் கொல்ற விஷத்தைச் செடியே செய்ற மாதிரி ஆக்குன பருத்தி. ஆனா அதே புழுவை அதே பிடி பருத்தியை வச்சு அமெரிக்கா ஒழிச்சே கட்டிடுச்சு, 2018-ல அதிகாரபூர்வமா அறிவிச்சாங்க. இங்க 2002-ல ஒத்தை மரபணு பிடி வந்துச்சு, 2006-ல ரெட்டை மரபணு வந்துச்சு, 2010-ல குஜராத்ல ஒத்தை மரபணுவை இளஞ்சிவப்புப் புழு ஜெயிச்சிடுச்சுன்னு தெரிஞ்சுது, அடுத்த அஞ்சாறு வருஷத்துல ரெட்டையும் போச்சு. வித்தியாசம் எங்கன்னா, நாம தூக்கிப்போட்ட பாக்கெட்ல.

ஞாபகம் இருக்கா, 450 கிராம் பிடி விதையோட 120 கிராம் சாதா பருத்தி விதை ஒரு சின்னப் பாக்கெட்ல வரும், வயல் ஓரமா சுத்தி நடுங்கன்னு. எத்தனை பேரு நட்டோம்? புழு திங்கிறதுக்குன்னே எவனாவது பயிர் வைப்பானான்னு சிரிச்சோம். கணக்கு இதுதான்: பிடியைத் தின்னு பொழைக்கிற மரபணு அம்மா பக்கம் ஒண்ணு, அப்பா பக்கம் ஒண்ணுன்னு ரெண்டும் சேந்தாத்தான் வேலைக்காகும், ஒத்தையா இருந்தா புழு பெரும்பாலும் செத்துடும். பிடி வயல்ல மிஞ்சின ஒண்ணு ரெண்டு அந்துப்பூச்சி, பக்கத்துல சாதா பருத்தில ஜாலியா வளந்த ஆயிரம் அந்துப்பூச்சிகள்ல ஒண்ணோட சம்பந்தம் பண்ணா, பிள்ளைக்கு ஒத்தை மரபணுதான், பிடி தின்னா காலி. சாதா பருத்தியே இல்லன்னா? மிஞ்சினதும் மிஞ்சினதும்தான் கட்டிக்கும், பிள்ளைங்க பூரா ரெட்டை. அரிசோனாக்காரங்க அந்த ஓரப்பயிரை ஒழுங்கா வச்சாங்க, 2006-லேர்ந்து மலடாக்குன அந்துப்பூச்சியையும் விமானத்துல கொண்டு போய்க் கொட்டுனாங்க.

சீனாவுல நடந்தது இன்னும் வேடிக்கை. அங்க விவசாயிங்க காசு மிச்சம்னு ஹைபிரிட்டோட ரெண்டாம் தலைமுறை விதையை வாங்கி நட்டாங்க, அதுல கால்வாசி செடி பிடி இல்லாம மொளைச்சுது. யாரும் திட்டம் போடல, தானா ஓரப்பயிர் வயலுக்குள்ளயே கலந்து நின்னுடுச்சு, மெல்ல ஏறிக்கிட்டிருந்த எதிர்ப்பு திரும்ப எறங்கிடுச்சு. நம்மகிட்ட வேற சிக்கல், மொத தலைமுறை ஹைபிரிட் காய்க்குள்ள சில விதைல பிடி இருக்கும், சிலதுல இருக்காது, இந்தப் புழு விதைக்கு விதை தாவித் தின்னுற ஜென்மம், அரைகுறை டோஸ்லயே வளந்துடுது. அதுக்கு மேல நாம ஏப்ரல் வரைக்கும் செடியைப் பிடுங்காம கடைசி காய் எடுக்கப் பாக்குறோம், புழுவுக்கு இன்னும் ரெண்டு தலைமுறை சாப்பாடு போட்ட மாதிரி. கம்பெனி சுத்தம்னு சொல்ல வரல, "வரவே வராது"ன்னு வித்தது தப்புதான். பூச்சி இருக்கிற வரைக்கும் அப்படி எதையும் சொல்ல முடியாது.

எங்க ஊர் குளத்துல தானா மொளைக்கிற நெல்லை ஆடு மாடு தின்னுது. குளத்தைச் சுத்தம் பண்றப்ப அழிச்சிடலாம்னு பஞ்சாயத்துல பேசுறாங்க. அதால ஏதாவது உபயோகம் உண்டா? – ஆசிரியை, திருத்துறைப்பூண்டி

டீச்சரம்மா, அதுக்குப் பேரு குளநெல்லு, சமஸ்கிருதத்துல நீவாரம்னு சொல்லுவாங்க, விஞ்ஞானப் பேர்ல ஒரு காட்டு நெல்லுக்கு நிவாரான்னே வச்சிருக்காங்க. 1970கள்ல நெல்லைப் புல்லுக்கட்டு மாதிரி குட்டையாக்குற ஒரு வைரஸ் தென்கிழக்கு ஆசியாவைப் போட்டு ஆட்டுச்சு, பரப்புறது யாருன்னா மேல மன்னார்குடிக்காரர் கேட்ட அதே புகையான். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துல குர்தேவ் குஷ் கூட்டத்தார் கையில இருந்த 6,000-க்கு மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதிச்சாங்க, நாட்டு ரகம், உயர் விளைச்சல் ரகம் எல்லாம் விழுந்துச்சு. உத்தரப்பிரதேசத்துலேர்ந்து எடுத்து வச்சிருந்த ஒரே ஒரு நிவாரா மாதிரி மட்டும் நின்னுச்சு. அதோட எதிர்ப்பை மாத்தி மாத்திக் கலந்து ஐஆர் 36 வரைக்கும் கொண்டு வந்தாங்க, 1980கள்ல உலகத்துலயே அதிகப் பரப்புல வெளைஞ்ச நெல்லு அதுதான்.

உங்க குளத்துல இருக்கிறது நிவாராவா, பக்கத்து வயல் நெல்லோட கலந்ததான்னு அனுப்புன போட்டோவ வச்சு சொல்ல முடியல, இலைதான் தெரியுது. கதிர் பழுத்ததும் தொட்டாலே மணி கொட்டுதா, மணி நுனியில நீளமா வால் இருக்கா, உமி கறுப்பா இருக்கான்னு பசங்களைப் பாக்கச் சொல்லுங்க. கொட்டுறதுக்கு முன்னாடி ஒரு கதிரைப் பேப்பர்ல சுத்தி எனக்கு அனுப்பி வைங்க, பஞ்சாயத்துக்கு நானும் ஒரு கடுதாசி போடறேன்.